கையிலதான் தப்பு

எழிலரசி சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். "மிஷின் நல்லா இருக்கு சார். தோலைப் போட்ற கையிலதான் தப்பு." கொட்டிய பாலை அள்ள முடியுமா?

வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனி. பதப்படுத்திய தோலின் பரப்பை அளக்கும் இயந்திரத்தை அங்கே அமைத்தவள் அவள்தான். ஓடும் பட்டையின் மேல் தோல் நகரும்போது கேமரா அதைக் கீற்றுக் கீற்றாகப் படம் பிடிக்கும். உள்ளங்கை அகலக் கணினிப் பலகை ஒன்று கீற்றுகளைக் கூட்டி, இத்தனை சதுர அடி என்று சொல்லும். தோலைச் சுருக்கமில்லாமல் விரித்துப் போடுவது ஜோதியின் வேலை. ஒரே தெருக்காரி, எழிலரசிக்கு அக்கா முறை. எழிலரசி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தன் சோற்றில் ஒரு பங்கை அவளுக்கு எடுத்து வைப்பவள்.

திடீரென்று அளவு குறைய ஆரம்பித்தது. அதே தோலை முன்பிருந்த பழைய இயந்திரத்தில் போட்டால் ஜாஸ்தி, இதில் கம்மி.

"நான் ஒழுங்காத்தான் போட்றேன் சார். மிஷின்தான் இன்னாவோ பண்ணுது" என்றாள் ஜோதி.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்ற மேனேஜர் ரஃபி அகமது, எழிலரசியைப் பார்த்தார். "இன்னாம்மா, மிஷினா, கையா?"

கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தது. ஆனால் அவள் சோதித்தது சாப்பாட்டு நேரத்தில், வேலை ஓய்ந்திருந்தபோது. அளவு தெரிந்த அட்டை ஒன்றை ஒரே ஒரு முறை ஓடவிட்டாள். சரியாக வந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதற்கு மேல் தோண்டிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள்.

ஜோதியை, பச்சைத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் மாற்றினார்கள். அவள் இடத்துக்கு இன்பராஜ் வந்தான். அவன் போட்டாலும் அளவு குறைந்தது.

அப்போதுதான் எழிலரசி இயந்திரத்தைச் சந்தேகப்பட்டாள். பட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே பலகையின் வேகத்தைத் திரையில் கொண்டுவந்து பார்த்தாள். தோல்கள் அடுத்தடுத்து வர வர, வேகம் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. வேகம் சரிந்தால் கீற்றுகள் தவறும்; கீற்று தவறினால் அளவு குறையும். சூடாக இருக்குமோ என்று விசிறி வைத்தாள், பயனில்லை. எப்போதும் முழு வேகத்தில் ஓடு என்று கட்டளை கொடுத்தாள். ஏறிய வேகம் மறுபடி விழுந்தது. பலகை திரையில் காரணம் சொன்னது: மின்னழுத்தம் போதவில்லை. வேலை கூடும்போது அதற்கு வேண்டிய மின்சாரம் வந்து சேரவில்லை, அதனால் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொண்டது.

பலகைக்கு மின்சாரம் கொண்டுவரும் வயரைப் பிடுங்கிப் பார்த்தாள். செருகும் முனை கன்னங்கரேலென்று இருந்தது. தோல் கம்பெனிக் காற்றுக்கு வெள்ளியும் செம்பும் கறுக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எந்தப் பெண்ணும் வெள்ளிக் கொலுசு போட்டு வேலைக்கு வரமாட்டாள். அவளும்தான் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவாள். கொலுசுக்குக் காட்டிய அக்கறையை வயருக்குக் காட்டவில்லை. அதைவிட, ஜோதிக்குக் காட்டவில்லை. அவமானமாக இருந்தது.

புது வயர் போட்டு, முனையை மூடிக் கட்டினாள். அளவு நேரானது. மேனேஜரிடம் உள்ளதைச் சொன்னாள். "சரியாப் போச்சுல்ல, விடும்மா. ஜோதியை வரச் சொல்லு" என்றார்.

தொட்டி ஓரத்தில் ஜோதி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே இறங்கிய சுண்ணாம்பில் விரல் இடுக்கெல்லாம் வெந்திருந்தது.

"அக்கா, தப்பு உன் கையில இல்ல. வயர்ல. நான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுடுக்கா."

கத்துவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தாள். ஏசினால் தேவலை என்றிருந்தது.

"நிஜமாவா எழிலு?" என்றாள் ஜோதி. "நான் என் கைதான்னு நெனச்சுட்டேன். நீ சொன்னா பாத்துட்டுத்தான சொல்லியிருப்ப."

மறுநாள் ஜோதி பழைய இடத்துக்கு வந்தாள். பலகை முழு வேகத்தில் ஓடியது. முதல் தோலை விரித்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"சரியாப் போட்டனா எழிலு?"

"சரிதான்க்கா."

இரண்டாவது தோலுக்கும் கேட்டாள். மூன்றாவதற்கும் கேட்டாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் இத்தனை வருஷம் தோல் விரித்த கை அது. எழிலரசி ஒவ்வொரு முறையும் "சரிதான்க்கா" என்றாள், ஜோதி தன் கையை நம்பவில்லை.