தையல் டீச்சர், ஒன்பது வருடம்

ஊசியில் நூல் கோக்கத் தெரியாத ஒருத்தி ஒன்பது வருடம் தையல் டீச்சராக இருந்திருக்கிறாள். அந்தச் செய்தி அவளுக்கே லைசென்ஸ் அலுவலகத்தின் நாலாவது ஜன்னலில்தான் கிடைத்தது.

அவள் பாடம் நடத்தியது காது கேளாத பிள்ளைகளுக்கு. பதினோரு பேர். கையாலேயே கணக்கு, கையாலேயே கதை, கையாலேயே திட்டு. அவள் தாடையில் ஒரு மச்சம் உண்டு; தாடையில் இரண்டு தட்டுத் தட்டினால் பிள்ளைகள் பாஷையில் அது அவள் பெயர். அந்த வகுப்பை எடுக்க டீச்சரின் லைசென்ஸில் தனி ஒப்புதல் இருக்க வேண்டும். அவளிடம் இல்லை. வேறு ஆள் கிடைக்காத பள்ளி, அதனால் யாரும் கேட்கவுமில்லை. இந்த வருடம், ஒப்புதல் இல்லாத யாரும் அந்த வகுப்பை எடுக்கக் கூடாது என்று மேலிடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பரீட்சை எழுதினாள், தேறினாள். மூன்று வருடம் அந்த வகுப்பை எடுத்ததற்கு அத்தாட்சி மட்டும் பாக்கி. ஒன்பது வருடக்காரிக்கு மூன்று எம்மாத்திரம் என்று மிதப்பாகத்தான் போனாள், பாவம்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த குமாஸ்தா பள்ளிப் பதிவேட்டின் நகலை நீவி நீவிப் பார்த்தார்.

“தையல்னு போட்டிருக்கேம்மா.”

“வேற யாரோடதாவது இருக்கும், பாருங்க.”

“ஒம்பது வருஷமும் தையல்தான். கீழ கையெழுத்து உங்களுதுதானே?”

அவளுடையதேதான். வருடா வருடம், வகுப்புக்கு ஓடுகிற அவசரத்தில், படிக்காமல் போட்டது.

“எனக்குப் பட்டன் வைக்கக்கூடத் தெரியாதுங்க.”

“அத வெளிய சொல்லிடாதீங்க,” என்றார் குமாஸ்தா, குரலைத் தணித்து.

சாயங்காலம் தலைமையாசிரியரின் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனுஷர். வினையே அதில்தான்.

“இன்ஸ்பெக்ஷன்ல கண்ணுல பட்டா உன்ன மாத்திடுவாங்க. அப்புறம் அதுங்களுக்கு யாரும்மா இருக்கா? உன்னக் காப்பாத்தத்தான் தையல்னு எழுதினேன்.”

“இப்ப நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க சார்.”

“எழுதறேன். பொய்யா எழுதினவன்னு என் வேலை போகும், போகட்டும். ஒப்புதல் இல்லாம வகுப்பெடுத்தவள்னு உன் லைசென்ஸையும் பிடுங்கிடுவாங்களே. அப்புறம் உனக்கு எந்த வகுப்பும் கிடையாது.”

சொல்லிக்கொண்டே அவர் வெள்ளைத்தாளை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்துவிட்டார். அவள் அந்தப் பேனாவை வாங்கி, மூடி, மேஜைமேல் வைத்தாள்.

திங்கட்கிழமை பதினோரு பேருக்கும் புது டீச்சர் வந்தாள். காகிதமெல்லாம் சுத்தம், கைதான் இன்னும் பேசப் பழகவில்லை. இவளுடைய லைசென்ஸும் புதுப்பித்து வந்தது. தையலுக்கு.

முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் தையல் அறை. முப்பது பிள்ளைகள் துணியோடு காத்திருந்தார்கள். அவள் நூல் நுனியை நாலு தடவை எச்சில் தொட்டுக் கூராக்கிவிட்டாள். ஊசிக் காதுக்குள் நுழைய மாட்டேன் என்கிறது.

தலையை நிமிர்த்தினால், எதிர் ஜன்னலில் அவளுடைய பதினோரு பேரில் கடைக்குட்டி நிற்கிறாள். தாடையில் இரண்டு தட்டுத் தட்டினாள். எப்போது வருவாய் என்று கையை விரித்தாள்.

இவள் ஊசியைத் தூக்கிக் காட்டினாள். இதில் நூல் கோத்ததும் வருகிறேன் என்று மறு கையால் சொன்னாள்.

குட்டி அதை நம்பிவிட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நகராமல், அந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.