இடப்பக்கக் கொட்டிலின் தீனி நடத்தை

பரத்வாஜின் ஆராய்ச்சியில் மாடு என்ன தின்கிறது என்பதைவிட எப்படித் தின்கிறது என்பதுதான் முக்கியம். இதை அவன் வீட்டில் சொன்னபோது அப்பா பேப்பரை இறக்கி, “வாயாலதானே?” என்று கேட்டுவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தத் தி. நகர் வீட்டில் ஆராய்ச்சி பற்றிப் பேச்சே எழவில்லை.

கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு. தீவனத்தின் ஆற்றல் அளவு மாறினால், கொட்டிலில் நிறுத்தி வளர்க்கும் காளைக்கன்றுகளின் தீனி நடத்தை எப்படி மாறும் என்பது தலைப்பு. விஷயம் எளிது. வெறும் வைக்கோலும் புல்லுமாகப் போட்டால் கன்று தொட்டியைவிட்டு நகராது. நாளெல்லாம் மென்று வயிறு முட்டும், உடம்பில் ஒட்டாது. உடைத்த மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு என்று போட்டால் கொஞ்சம் தின்னும், போய்ப் படுக்கும், எழுந்து வந்து இன்னும் கொஞ்சம் தின்னும். ஒரேயடியாகத் தின்றால் வயிறு புளித்துப்போகும் என்பதால் அதற்கே ஒரு நிதானம் வந்துவிடும். மாதக் கடைசியில் நாமும், மாத முதலில் நாமும் சாப்பிடுகிற வித்தியாசம்தான். அதைக் கேமரா வைத்து நிரூபித்தால் பட்டம்.

கல்லூரிக் கொட்டிலின் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். எப்போது வேய்வார்கள் என்பது கல்லூரிக்கும் தெரியாது. அவனுடைய கைடு டாக்டர் மேகலா அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறவர். டிசம்பருக்குள் பரத்வாஜ் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் புது கைடு, புதுத் தலைப்பு, புதிதாக ஒரு வருடம். அந்தப் புது கைடு கோழிக்காரர். பரத்வாஜுக்கு மாடு முட்டினாலும் பரவாயில்லை. கோழி பறந்தால் நெஞ்சு அடைக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

ஆக, அவன் கொட்டில் தேடி மயிலாப்பூர் வந்தான். கோயில் பக்கத்துச் சந்தில் ஸ்ரீரங்கன் என்பவர் கோசாலை நடத்திவந்தார். பேங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், வீடு அபிராமபுரம். பால் தராது என்பதற்காகத் தெருவில் விடப்பட்ட காளைக்கன்றுகளைப் பிடித்துவந்து வைத்திருந்தார்.

“அமெரிக்காவுல எல்லாம் ஆயிரக்கணக்கான மாடுகள ஒரே இடத்துல வெச்சு, இந்த முறையிலதான் சார் தீவனம் கொடுத்துப் புஷ்டியாக்கறாங்க” என்று பரத்வாஜ் அவருக்கு லேப்டாப்பில் படம் காட்டினான்.

“பரவாயில்லையே! அங்கயும் இவ்வளவு கோசம்ரக்ஷணம் நடக்கறதா?” என்று ஸ்ரீரங்கன் கண்கலங்கினார்.

புஷ்டியான பிறகு அங்கே என்ன நடக்கும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. பரத்வாஜ் லேப்டாப்பை மூடிவிட்டான்.

கன்றுகள் இரண்டு கும்பலாகப் பிரிந்தன. இடப்பக்கக் கொட்டிலுக்கு வைக்கோல். வலப்பக்கத்துக்குச் சோளமும் புண்ணாக்கும். தொட்டிக்கு மேலே ஆளுக்கொரு கேமரா. ஆராய்ச்சி என்றால் குழப்பம் இருக்கக் கூடாது என்று மேகலா சொல்லியிருந்ததால், தெருவைப் பார்த்த கம்பிக் கதவுகளில் கொட்டை எழுத்தில் பலகைகளும் மாட்டினான். இடப்பக்கம்: “குறைந்த ஆற்றல்.” வலப்பக்கம்: “உயர் ஆற்றல்.”

கொட்டிலைப் பார்த்துக்கொள்ள லாசர் என்பவரை ஸ்ரீரங்கன் வைத்திருந்தார். பாலவாக்கத்து மீனவர், முட்டி வலி வந்து கடலைவிட்டுக் கரைக்கு வந்தவர். மாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதை அவர் மறைத்ததும் இல்லை.

“நமக்கு செவுள் கீற ஜாதிதான் சார் தெரியும். இத்தப் பாத்தா எது நல்லாக் கீது, எது நோவாக் கீதுன்னே தெரியல.”

முதல் மூன்று வாரம் எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி நடந்தது. பரத்வாஜ் மதியம் மதியம் வந்து கேமராப் பதிவை எடுத்துக்கொண்டு, கன்றுகளை எடை போட்டுவிட்டுப் போனான். நாலாவது வாரம் இடப்பக்கக் கொட்டில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டது. கன்றுகள் தொட்டிக்கு வருவதே குறைந்துபோயிற்று. வந்தாலும் வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு, ஹோட்டலில் சட்னி சரியில்லை என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டன. கேமராவில் தெரிந்ததெல்லாம் வால்கள். ஆனால் எடை ஏறியது. நன்றாகவே ஏறியது.

பரத்வாஜுக்குக் கைகால் ஓடவில்லை. ஆற்றல் குறையக் குறைய உடம்பு தன்னைத்தானே சிக்கனப்படுத்திக்கொண்டு, குறைவாகத் தின்று அதிகமாக வளர்கிறது! இதுவரை உலகத்தில் யாரும் கண்டுபிடிக்காதது. கட்டுரை எழுதி, அது எந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போக வேண்டும் என்பதுவரை யோசித்து மேகலாவுக்கு அனுப்பினான்.

அவர் போனில் வந்தார். “பரத்வாஜ், கன்னுக்குட்டி காத்தக் குடிச்சு வளருதுன்னு எழுதியிருக்கீங்க.”

“அப்படி இல்ல மேடம், உடம்பு ஒரு சிக்கனமான நிலைக்கு...”

“என் உடம்புக்கு இருபது வருஷமா அந்தச் சிக்கனம் தெரியலையே. நேர்ல போய் உக்காருங்க. மதியம் இல்ல, காலையில.”

மறுநாள் அமாவாசை. பரத்வாஜ் விடிந்ததும் சந்துக்குள் நுழைந்தபோது கூட்டம் இருந்தது. ஏதோ சாவு என்று நினைத்து செருப்பைக் கழற்றப் போனான். பிறகுதான் அது வரிசை என்று புரிந்தது. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் எல்லாம் கையில் அகத்திக்கீரைக் கட்டோடு நின்றார்கள். ஒருவரிடம் வாழைப்பழச் சீப்பு. ஒருவரிடம் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல். ஜிம்முக்குப் போகிற சட்டையோடு ஓர் இளைஞன் ஓட்ஸ் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் இடப்பக்கக் கதவில்தான். வலப்பக்கத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. “குறைந்த ஆற்றல்” என்று பலகை மாட்டி, அதன் பின்னால் விலா தெரியும் ஒரு கன்றையும் நிறுத்தினால், மயிலாப்பூர் வேறென்ன செய்யும்?

வரிசையின் தலையில் நின்ற காமாக்ஷி மாமி கீரையை ஊட்டிவிட்டுத் திரும்பினாள். “நகந்து நில்லுடா கொழந்தே. வரிசைன்னா வரிசைதான்.”

“மாமி, நான் வரிசையில வரல. இந்த ஆராய்ச்சி என்னுதுதான்.”

சந்தே அவன் பக்கம் திரும்பிற்று. பொங்கல் தொன்னையும்தான்.

“ஓஹோ, வைக்கோல் பையன் நீதானா?” மாமி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “அந்தாண்ட சோளம், புண்ணாக்கு. இந்தாண்ட வெறும் வைக்கோல். ஒரே ஆத்துல ரெண்டு பந்தியா? நன்னாருக்கா?”

மயிலாப்பூரில் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்கு வரலாற்று ரீதியாகப் பதில் சொல்வது உடம்புக்கு நல்லதில்லை என்று பரத்வாஜுக்குப் பட்டது. “இது ஒரு டயட் மாதிரி மாமி. ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக.”

“எங்காத்து மாமாவுக்கும்தான் டாக்டர் டயட் எழுதிக் குடுத்திருக்கார். அதுக்காக நான் வடை தட்டறத நிறுத்திட்டேனா?” என்றபடி மாமி இன்னொரு கட்டை எடுத்தாள்.

பரத்வாஜ் லாசரைத் தேடிப் பிடித்தான். “இதெல்லாம் தினம் நடக்குதா?”

“தெனம் கொஞ்சம் பேரு வருவாங்க சார். வெள்ளிக்கெழமன்னா சாஸ்தி. இன்னிக்கு அமாவாச, கேக்கவே வேணாம்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீ கேமராவ பாத்துக்கன்னு சொன்ன. பாத்துகினு கீறேன். கதவப் பாக்க சொன்னியா?”

நியாயமான பதில்தான். அதனால் அதிகக் கோபம் வந்தது.

விஷயத்தைப் பரத்வாஜ் போனில் சொன்னதும் மேகலா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

“அழிஞ்சது அழிஞ்சதுதான். தலைப்ப மாத்துங்க. பொதுமக்கள் தர்ற கூடுதல் ஆற்றலால குறைந்த ஆற்றல் கொட்டிலோட தீனி நடத்தை எப்படி மாறுது. இத உலகத்துல எவனும் செஞ்சிருக்க மாட்டான்.”

“ஏன் மேடம்?”

“வேற எந்த ஊர்ல ஆராய்ச்சி மாட்டுக்கு வரிசையில நின்னு பொங்கல் குடுக்கறான்? ஆனா வர்றதெல்லாம் அளக்கணும். அளக்காம எழுதினா அது ஆராய்ச்சி இல்ல, வதந்தி. மூணு வார டேட்டா வேணும். அத விட்டா டிசம்பர் போயிடும்.”

கோழியிலிருந்து தப்பிய மகிழ்ச்சியில் பரத்வாஜ் மறுநாளே கதவருகே மேசை போட்டான். மேலே ஒரு மின்தராசு. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அவன். வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தான்.

“வாங்க, வாங்க. தாராளமாப் போடலாம். இதுல வெச்சு எடை மட்டும் பாத்துடுவோம். முடிஞ்சா தினம் இதே நேரத்துக்கு வந்துடுங்க. ஆளுக்கு ஒரு கட்டு போதும். பொங்கல் கொஞ்சமா இருக்கட்டும், நெய் குறைச்சு.”

காமாக்ஷி மாமி கீரைக்கட்டைத் தராசில் வைத்தாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. “என்னடா இது, ஏர்போர்ட்டா?” என்றாள். ஆனாலும் போட்டுவிட்டுப் போனாள். ஜிம் இளைஞன் தன் பிஸ்கட்டை வைத்தபோது பரத்வாஜ் பாக்கெட்டைத் திருப்பி அதிலிருந்த சத்துக் கணக்கைக் குறித்துக்கொண்டான். அந்த இளைஞன் அப்புறம் வரவில்லை. அடுத்த நாள் பொங்கல்காரரும் இல்லை. நாலைந்து நாளில் சந்தில் தராசும் பரத்வாஜும் மட்டும் மிச்சம்.

காய்கறிப் பையோடு எதிர்ச்சாரியில் போன மாமியை ஓடிப்போய் மறித்தான். “மாமி, ஏன் வர மாட்டேங்கறீங்க? நான்தான் போடலாம்னு சொல்லிட்டேனே!”

“அதான்டா தப்பு. நீ சொல்லி நான் போட்டா அது உன் தீவனம். புண்ணியமெல்லாம் உன் கணக்குலன்னா ஏறும்? நெய்ய வேற கொறைக்கணுமாம். நான் என்ன உங்க காலேஜ்ல வேலையா பாக்கறேன்?”

“கன்னுங்க பாவம் இல்லையா மாமி?”

“பாவம்தான். ஆனா கவனிச்சுக்கத்தான் நீ வந்துட்டியே. மேஜையெல்லாம் போட்டுண்டு.” மாமி கருவேப்பிலை வாங்கக் கிளம்பிவிட்டாள்.

இடப்பக்கக் கன்றுகளுக்கு இந்த வாதம் எட்டவில்லை. காலை ஆனதும் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவோரம் வரிசையாக நின்றன. யாரும் வராததைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தன. வைக்கோலை லாசர் முகத்துக்கு நேரே நீட்டினாலும் தலையைத் திருப்பின. பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் ஸ்ரீரங்கனுக்குப் போன் மேல் போன் போட்டார்கள். அவர் தன் கமிட்டியைக் கூட்டினார். ஊரார் கண்டதையும் கொடுத்துக் கன்றுகளின் வயிற்றைக் கெடுத்துவிட்டார்கள், அதனால்தான் இந்தக் கத்தல் என்று கமிட்டி ஒருமனதாக முடிவுசெய்து, அன்று மாலையே கதவில் ஒரு பலகை மாட்டியது.

பரத்வாஜுக்கு ஸ்ரீரங்கன் பெருமையாகப் போன் செய்தார். “உன் ஆராய்ச்சிக்கு இனிமே ஒரு தொந்தரவும் இருக்காதுப்பா. ‘வெளியார் உணவு கொடுப்பது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது’ன்னு செவப்பு பெயின்ட்லயே எழுதிட்டேன்.”

பரத்வாஜ் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தான். கண்ணெதிரே கோழிகள் பறந்தன.

ஸ்ரீரங்கன் காலில் விழுந்தாவது பலகையைக் கழற்ற வேண்டும் என்று விடிந்ததும் மயிலாப்பூருக்கு ஓடினான். சந்துக்குள் கால் வைக்க இடமில்லை. இதுவரை பார்த்திராத முகங்களெல்லாம் இருந்தன. கீரைக்காரம்மாவே கூடையோடு சந்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தாள். ஜிம் இளைஞன் இரண்டு பாக்கெட்டோடு வந்திருந்தான்.

“தடையாமே, தடை!” காமாக்ஷி மாமி தூக்குச் சட்டியோடு அவனுக்கு எதிரே வந்தாள். “வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் போடறதுக்கு யாருடா தடை போடறது? நீயா?”

நான் இல்லை மாமி என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் கதவைத் தாண்டி உள்ளே விழுந்துகொண்டிருந்த கீரைக்கட்டுகளைப் பார்த்தான். டிசம்பரைப் பற்றி நினைத்தான்.

“ஆமா மாமி. போடக் கூடாது” என்றான், மெல்லிய குரலில்.

மாமி அவனை முறைத்துக்கொண்டே சட்டியைக் கதவுக்குள் கவிழ்த்தாள்.

அன்று மத்தியானமே மேசை போயிற்று. தராசு கதவுக்கு உள்பக்கம் தரைக்கு இறங்கியது. அதன் மேல் ஓர் அகலத் தட்டு, தட்டின் மேல் பழைய சாக்கு. எண்கள் தெரிகிற ஓரம் மட்டும் சாக்குக்கு வெளியே. விழுந்ததைப் பார்த்துக் குறித்துக்கொண்டதும் லாசர் அள்ளிக் கன்றுகளுக்குப் போட்டுவிடுவார். எண்ணைப் பார்ப்பதற்கு, கோபத்தில் குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிய வேண்டும். பரத்வாஜ் நாளுக்கு எத்தனையோ தடவை செருப்பைத் தேடினான்.

சீக்கிரமே அவனுக்கு ஒன்று பிடிபட்டது. அவன் முணுமுணுத்தால் கீரையோடு நிற்கும். அதட்டினால் பழம் விழும். “போலீஸ கூப்பிடுவேன்” என்று கத்திய வெள்ளிக்கிழமை ஒரு சட்டி லட்டே விழுந்தது. அன்று கன்றுகளின் வயிறு புளித்துவிடாமல் இருக்க அதில் பாதியை லாசர் தின்ன வேண்டியதாயிற்று. டேட்டா சீராக வருவதற்காக இனி தினமும் ஒரே அளவில் கோபப்படுவது என்று பரத்வாஜ் முடிவுசெய்தான்.

மூன்றாவது வாரக் கடைசியில் மேகலா நேரில் பார்க்க வந்தார். கிட்டே வந்த பிறகுதான் அவருக்கு அவன் குரல் கேட்டது. குரல் என்று சொல்ல முடியாத ஒரு கரகரப்பு. கதவருகே நின்று அவன் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். கூட்டம் அவனைப் பொருட்படுத்தவில்லை. ஒருவர் இரக்கப்பட்டு அவனுக்கே ஒரு பழத்தை நீட்டினார்.

“என்ன ஆச்சு?” என்றார் மேகலா.

“தொண்டை போச்சு மேடம்” என்று காற்றாகச் சொன்னான். “இன்னும் ஒரு நாள் டேட்டா வேணும். திட்டலன்னா யாரும் சரியாப் போட மாட்டேங்கறாங்க. காமாக்ஷி மாமி இன்னிக்குப் பாதிக் கட்டோட நிறுத்திட்டாங்க. நான் திருந்திட்டேன்னு நெனைக்கறாங்க.”

மேகலா தராசைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். முப்பது வருடம் கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி பாடம் நடத்தியவர். கைப்பையை லாசரிடம் கொடுத்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

“யாரும்மா அது? போர்டு போட்டிருக்குல்ல? படிக்கத் தெரியாதா உங்களுக்கெல்லாம்?”

காமாக்ஷி மாமி வந்த வழியே விடுவிடுவென்று நடந்தாள். திரும்பி வந்தபோது கீரைக்காரம்மாவின் கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள்.

பரத்வாஜ் செருப்பைத் தேடக் குனிந்தான்.