சத்தமே இல்லாத பெட்டி

ஃபெபாவுக்கு கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அவள் புருஷன் எட்சனுக்குப் பாட்டு கோர்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரே ஒரு மேசைக்குத்தான் இடம். ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று என்று முடிவாயிற்று.

கம்ப்யூட்டர் பாகங்களை மாட்டப் பெரிய கேபினெட் வாங்கினால் செலவு குறையும் என்று ஃபெபா தலைபாடாக அடித்துக்கொண்டாள். எட்சன் மசியவில்லை.

"பெருசு வெச்சா மேசை முன்னாடி ஒரு சேர்தான் போட முடியும். எனக்கு ரெண்டு சேர் வேணும்."

"நீங்க பாட்டு போடறப்ப நான் எதுக்குங்க பக்கத்துல?"

"சும்மா இருந்துட்டுப் போயேன். உனக்கென்னா கஷ்டம்?"

பக்கத்திலேயே பெண்டாட்டி உட்கார வேண்டும் என்று அடம்பிடிக்கிற புருஷனோடு எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது? வெளியே முறைத்தாலும் உள்ளூர அவளுக்குக் குளுகுளுவென்றுதான் இருந்தது. விட்டுக்கொடுத்துவிட்டாள்.

சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கையளவு போர்டு, ஷூ டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய கேபினெட், மைக் சொருக ஒரு சிவப்புப் பெட்டி. கிராபிக்ஸ் கார்டு மட்டும் பழசு. எட்சனோடு கார் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் அத்திப்பள்ளி ஹரீஷ்குமார் தான் கேம் ஆடிக்கொண்டிருந்த கார்டைக் கழற்றி, கம்பெனி பஸ்ஸில் வைத்தே கொடுத்துவிட்டான். "தும்ப சென்னாகிதெ மச்சா, ரொம்ப நல்லாருக்குது, கண்ண மூடிட்டு மாட்டு" என்றானாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் வராததுமாக இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். கார் கதவு அடிக்கிற எட்சன் கைக்கு இந்தக் குட்டி ஸ்க்ரூக்கள் அடங்கவில்லை. "மெதுவாங்க, போர்டு ரெண்டா போயிடும்" என்று ஃபெபா பிடுங்கிக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் பெட்டியில் விளக்கு எரிந்தது. எட்சன் பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டான்.

"பாத்தியா? சத்தமே இல்ல!"

முதல் ஆட்டம் அவளுக்குத்தான். கேமைத் திறந்தாள். முதல் பக்கம் வந்ததுமே பெட்டிக்குள்ளிருந்து 'கீ...' என்று ஒரு கீச்சு கிளம்பியது. காதோரம் கொசு சுற்றுகிற மாதிரி, பல் கூசுகிற கீச்சு. ஃபெபா முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினாள். எட்சன் இன்னும் பெட்டியின் மேல் காதை வைத்தபடி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

விளையாடுகிறானோ என்று பார்த்தாள். இல்லை. அவனுக்கு அது கேட்கவே இல்லை.

கேமில் எந்தச் சுவருக்குப் பின்னால் ஆள் வருகிறான் என்று காலடியை வைத்தே சொல்லிவிடுவாள் ஃபெபா. அப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று நொந்துகொண்டாள். வண்டி இண்டிகேட்டர் பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருந்தாலும் அணைக்காமல் ஓட்டுவதை மறதி என்று நினைத்தாள். அலாரத்துக்கு எழுந்திருக்காததைச் சோம்பேறித்தனம் என்று திட்டினாள். பிரஸ் சத்தம் தாக்காமல் இருக்கக் கம்பெனியில் காதில் அடைக்க பிளக் கொடுக்கிறார்கள். சூப்பர்வைசர் தலை மறைந்ததும் இந்த மனுஷன் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவான். பிரஸ் விழுகிற தாளத்தைக் கேட்டுத்தான் பாட்டுக்கு மெட்டே வருகிறதாம். சர்ச் வாலிபர்கள் பாடுகிற பாதிப் பாட்டு அந்த பிரஸ் ஷாப்பில் பிறந்ததுதான்.

சொன்னால் உடைந்துபோவான். பாட்டை எடுத்துவிட்டால் எட்சனிடம் மிச்சம் என்ன இருக்கிறது? சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள். போனில் தேடிப் பார்த்தாள். படம் ரொம்ப வேகமாக ஓடினால் கார்டு இப்படிக் கத்துமாம். அந்த வேகத்துக்கு கேம் செட்டிங்கில் ஒரு வரம்பு வைத்தாள். கீச்சு நின்றது. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

சாயங்காலம் அவன் முறை. சர்ச்சில் பாடும் டெல்சியின் பாட்டைப் போட்டான். கிறிஸ்துமஸுக்கு வர வேண்டிய பாட்டு. "ஸ்தோத்திரம்" என்ற இடத்தில் அந்த 'ஸ்' ஊசியாகக் காதில் குத்தியது. ஃபெபா பல்லைக் கடித்துக்கொண்டாள். எட்சன் எதையோ கொஞ்சம் இறக்கினான். மறுபடி அதே இடம். இன்னும் கொஞ்சம் இறக்கினான். இப்போது 'ஸ்' இதமாக விழுந்தது.

கேட்காதவனுக்கு எப்படித் தெரிந்தது? திரும்பிப் பார்த்தாள். அவன் ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு சமையல்கட்டு ஞாபகம் வந்தது. அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு வந்து பாட்டைப் போடுவான். "எப்பிடி இருக்குது?" என்பான். அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாயைத் திறப்பதற்குள் போய்விடுவான். பதில் கேட்கவாவது பொறுமை வேண்டாமா என்று எத்தனை தடவை கோபித்திருக்கிறாள்!

"எத்தினி நாளா இப்பிடி?" என்றாள்.

"ரொம்ப நாளா." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மத்தியானம் நீ கேம்ல என்னமோ மாத்தின. உடனே உன் மொகம் தெளிஞ்சிச்சு. கார்டு கத்திச்சுல்ல?"

"கத்திச்சு."

"நான் வேற சத்தமே இல்லன்னு சொல்லிட்டேன்." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "தெரிஞ்சா சர்ச்சுல பாட்டு குடுக்க மாட்டாங்க ஃபெபா. நீ பக்கத்துல இருந்தா சமாளிச்சுடலாம்னு நெனைச்சேன்."

அதற்குத்தான் இரண்டு நாற்காலி. அதற்குத்தான் சின்னப் பெட்டி. ஃபெபாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டின. துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"இப்ப போடுங்க பாக்கலாம் பாட்டு."

"ஏய், எடு."

"நாளைக்கு ஷிப்ட் பூரா காதுல பிளக் இருக்கணும். மெட்டு வருதோ இல்லியோ. வர்ற சனிக்கிழமை என்கூட காது டாக்டர்கிட்ட வரணும். அப்பத்தான் இந்த மொகம்."

எட்சன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"சரி" என்றான். "வரேன்."

அவள் துப்பட்டாவை விலக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எட்சன் பாட்டை முதலிலிருந்து ஓட விட்டான். முடிந்ததும் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பினான்.

"எப்பிடி இருக்குது?"

ஃபெபா யோசித்தாள். அடுத்து எதையும் தொடாமல், அவள் வாய் திறக்கும்வரை அவன் காத்திருந்தான்.