ஆலம்பரையில் பெண் பார்த்தது

அந்தச் சனிக்கிழமை விடிகாலையிலேயே கிளம்பிவிட்டோம். கார் எங்கள் ஊர் எல்லையான அத்திபெலேயைத் தாண்டும் முன்பே என் கணவர் ரெமிஜியஸ் கேட்டுவிட்டார்: "எதுக்கு மௌரீன் இப்டி நெளியற?"

நெளியாமல் என்ன செய்வது? பின்சீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிற மகள் கேரலிடம், கோட்டையும் கடலும் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போகிறேன். அங்கே அவளைப் பார்க்கப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் வருவது அவளுக்குத் தெரியாது. "பொண்ணுகிட்ட சொல்லாதீங்க. மேக்கப் இல்லாம, சாதாரணமா இருக்கறப்ப பாக்கணும்" என்பது பையனின் அம்மா ஜூலியா போனில் போட்ட நிபந்தனை.

கேரல் போன வருஷம் ஒரு வீட்டாருக்கு முன்னால் காப்பித் தட்டோடு நின்றாள். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்றைக்கே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே யாராச்சும் வந்தா மொதல்லயே சொல்லிடு மம்மி. எனக்குத் தெரியாம மட்டும் காட்டாத. அப்புறம் உன்ன நம்பவே மாட்டேன்." மாதா மேல் ஆணையாகச் சரி என்றேன். நல்ல இடம் வந்ததும் மாறிவிட்டேன். எங்கள் ஏரியா நீலசந்திராவில் அவளோடு படித்தவர்கள் எல்லாம் பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு அடித்துக்கொள்ளாதா?

ஆலம்பரைக் கோட்டை பேருக்குத்தான் கோட்டை. பாதி மதில் சரிந்து, செங்கல்லும் சுண்ணாம்பும் பாறை பாறையாகத் தண்ணீரோரம் கிடந்தன. மிச்சம் நின்ற மதில், அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்கியது. கேரல் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அதன் மேலேயே ஏறிவிட்டாள்.

"ஏய், எறங்குடி! வெயில்ல கறுத்துப் போவ!"

"கடலுக்கு வந்துட்டு கலர் பாக்கறியா? சும்னிரு மம்மி!"

காற்றில் தலைமுடி துடைப்பக்கட்டையாக நின்றது. வாயில் மாங்காய்த் துண்டு, மூக்கு நுனியில் மிளகாய்த்தூள். பெண் பார்க்கிற லட்சணமா இது! உட்கார்ந்தேன், எழுந்தேன், கார் வருகிறதா என்று பாதை வரை போய்ப் பார்த்தேன். "பேஜார் பண்ணாத, வந்தா வரட்டும்" என்று ரெமிஜியஸ் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். மனுஷனுக்கு எங்கே போனாலும் தூக்கம்.

ஒருவழியாக வந்தார்கள். ஜூலியா சுற்றிப்பார்க்க வந்தவள் போல எங்கள் எதிரே ஒரு மதில் துண்டில் உட்கார்ந்து, என் மகளைத் தலை முதல் கால் வரை அளந்தாள். பிறகு என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். பிடித்துவிட்டது! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குள் பையன் ஜாய்சன் நேராக மதிலேறி அவளிடமே போய்விட்டான்.

"ஹாய், நான் ஜாய்சன். வீட்ல சொல்லியிருப்பாங்களே?"

"என்ன சொல்லியிருப்பாங்க?"

"நாம பாத்துக்கறதுக்குத்தான இங்க..." அவன் முகம் மாறியது. "ஒங்களுக்குச் சொல்லலியா? ஐயோ, எனக்குத் தெரியாதுங்க. சாரி."

கேரல் ஜூலியாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

மெதுவாக இறங்கி ஜூலியாவின் முன்னால் வந்து நின்றாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"பாத்துட்டீங்களா ஆண்ட்டி?"

ஜூலியா பக்கத்திலிருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"பாத்துட்டீங்கன்னா கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. நான் கடல் பாக்க வந்தேன்."

ஜூலியா பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். சம்பந்தம் போச்சே என்று மனசு பதறியது. என் பொண்ணு கேட்டாள் பார் என்று கொஞ்சம் பெருமையும், வெட்கங்கெட்ட பெருமை, கூடவே வந்தது. பக்கத்து மணலைத் தட்டி, "வாடி, இங்க வந்து ஒக்காரு" என்றேன்.

"நீயும்தான் மம்மி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே. "தள்ளி ஒக்காரு."

தள்ளி உட்கார்ந்தேன்.