இருந்த இடத்தில் எட்டாயிரம் காலடி

“வாய்க்கா மேட்டுப் பக்கம்...” என்று அவள் தொடங்கினாள்.

“அங்க என்ன வேலை?” என்று அவன் கேட்டான்.

“ஒன்னுமில்லைங்க.”

கல்யாணமாகி ஒன்பதாம் நாள் யோகப்பிரியாவுக்கும் மோகனசுந்தரத்துக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான். பதினாறு வருஷம் கழித்தும் அவளுக்கு அது சொல் மாறாமல் நினைவிருந்தது. அவன் ஒன்றும் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மீனாட்சிபுரத்தில் வீட்டை விட்டுக் காலெடுத்து வைத்தால் அதற்கொரு காரணம் இருக்க வேண்டும். தோட்டத்துக்குப் போகலாம், சொசைட்டிக்குப் பால் கொண்டு போகலாம், கோயிலுக்குப் போகலாம். புருஷனும் பெண்டாட்டியும் வேலை எதுவுமில்லாமல் சேர்ந்து நடப்பதற்கு என்ன பேர் சொல்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. கேட்க வந்ததை அப்படியே விழுங்கிவிட்டாள். ஆசை மட்டும் செரிக்காமல் கிடந்தது.

இந்த ஆவணியில் மோகனசுந்தரத்துக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. கொழிஞ்சாம்பாறை டாக்டர் மூன்று மாதம் தவணை கொடுத்தார். தினமும் நடந்தால் மாத்திரையோடு போகும், இல்லாவிட்டால் ஊசிதான் என்றார். மாட்டுக்கு ஊசி போடும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் அவன். சேதி கேட்டதும் அவன் தங்கை முருகேஸ்வரி கோயம்புத்தூரிலிருந்து ஒரு கறுப்புப் பட்டையை அனுப்பிவைத்தாள். கையில் கட்டிக்கொண்டால் எத்தனை காலடி நடந்தோம், நெஞ்சு எத்தனை தரம் துடித்தது என்றெல்லாம் எண்ணிச் சொல்லுமாம்.

அவன் போனில் இடமில்லை. மாட்டு வியாபாரக் குரூப்புகளில் வந்த வீடியோக்கள் அடைத்துக் கிடந்தன, ஒன்றை அழிக்கவும் அவனுக்கு மனம் வரவில்லை. ஆகவே யோகப்பிரியாவின் போனோடு இணைப்பது என்று ஆயிற்று. ஆப்பை இறக்கி, புளூடூத்தைத் திறந்தாள். போன் முதலில் பக்கத்து வீட்டு ஸ்பீக்கரைத்தான் கண்டுபிடித்தது. பட்டையைக் காணோம். அதற்கு இன்னும் சார்ஜே ஏற்றவில்லை என்பது அரைமணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு தெரிந்தது. சார்ஜ் ஏற்றி அவன் கையில் கட்டியதும் பட்டையில் நாலு இலக்கத்தில் ஓர் எண் மின்னியது. போனிலும் அதே எண். இணைக்கலாமா என்று கேட்டது, ஆம் என்று தொட்டாள். பட்டை அவன் மணிக்கட்டில் சின்னதாக அதிர, அவன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். அவளுக்கு ஏனோ வெட்கமாக வந்தது. ஆப் எடை கேட்டபோது, தவிட்டு மூட்டை நிறுக்கும் தராசில் அவன் கடைசியாக ஏறியபோது காட்டிய எண்பத்து நாலைப் போட்டாள். ஒரு நாளைக்கு எட்டாயிரம் காலடி என்று இலக்கு வைத்தாள்.

பட்டை வெளியே தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். அவன் வாசலேறியதும் எல்லாம் அவள் போனில் வந்து இறங்கும். விடிவதற்குள் நாலாயிரம், சாயங்காலத்துக்குள் இன்னொரு நாலாயிரம். பார்த்தியா என்று அவன் மீசையைத் தடவிக்கொண்டான். அவளும் பூரித்துத்தான் போனாள். ஆனால் ஆறாவது வாரம் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை இறங்குவதற்குப் பதில் ஏறியிருந்தது. இன்னும் ஆறு வாரம் பார்க்கிறேன், அப்புறம் ஊசிதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எட்டாயிரம் காலடியும் எங்கே போயிற்று? யோகப்பிரியா போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்த்தாள். நாலாயிரம் காலடி போகும் நேரத்திலும் அவன் நெஞ்சு ஈசிச்சேரில் சாய்ந்தவன் மாதிரி எழுபதிலேயே நின்றது. நேரத்தைப் பார்த்தாள். காலை ஐந்திலிருந்து ஐந்தே முக்கால். மதியம் மூன்றிலிருந்து மூன்றே முக்கால். ஒரு நாள்கூட மாறவில்லை. சுவர்க் கடிகாரம் மூன்று பத்து காட்டியது. எழுந்து கட்டுத்தறிக்குப் போனாள்.

அவன் முக்காலியில் உட்கார்ந்து செவலை மாட்டைக் கறந்துகொண்டிருந்தான். பீய்ச்சப் பீய்ச்ச மணிக்கட்டு ஆடியது, ஆட ஆட எண் ஏறியது. அவள் அவன் பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டு, அடுத்த மாட்டின் மடியைக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். அந்த ஒரு மாட்டைக் கறந்து முடிப்பதற்குள் ஆயிரத்து முந்நூறு காலடி நடந்திருந்தாள். முக்காலி இம்மிகூட நகரவில்லை. தறியில் நிற்பது மூன்று மாடுகள்.

“ஏனுங்க, தெரிஞ்சேதான் ஏமாத்துனீங்களா?”

முதல் இரண்டு நாள் தனக்கும் தெரியாது என்றான். தெரிந்த பிறகு சொல்ல வாய் வரவில்லையாம். முதல் நாள் நிஜமாகவே வாய்க்கால் மேட்டில் கையை வீசி நடந்திருக்கிறான். எதிரே வந்த பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பன், மாடு அவிழ்த்துக்கொண்டதா என்று கேட்டிருக்கிறார். சும்மா நடக்கிறேன் என்று சொல்ல நாக்குக் கூசி, ஆமாங்க, கன்னுக்குட்டி என்று சொல்லிவிட்டான். அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மோட்டார் ரூமிலிருந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். இல்லாத கன்றுக்குட்டியை நாலு பேரும் ஒரு மணி நேரம் தேடியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே நடக்கப் போகவில்லை.

“இன்னைக்கும் சொசைட்டில பாத்தா கேக்கறாரு, கன்னு கெடச்சுதாப்பான்னு.”

யோகப்பிரியா மாட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. அவனும் கொஞ்சம் சிரித்துவிட்டு, கை விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“சிரிக்காத புள்ள. ஊசின்னா எனக்குப் பயந்தான். ஆனா தெனமும் ஒருத்தன் கேப்பானே? அங்க எனக்கு என்ன வேலைன்னு சொல்றது?”

அவள் சிரிப்பு நின்றுபோயிற்று. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவளிடம் பதில் இல்லாத அதே கேள்வி. பால் வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்து, பட்டையைக் கழற்றி, திரும்பவும் அவன் மணிக்கட்டில் கட்டினாள். கட்டிய பிறகும் கையை விடவில்லை.

“என்ற பொண்டாட்டி கூப்புட்டா, வந்தேன்னு சொல்லுங்க. கல்யாணமான ஒம்பதா நாளே கேக்கோணும்னு வாயெடுத்தனுங்க. சொசைட்டிக்கு இல்ல, தோட்டத்துக்கு இல்ல. வாய்க்கா மேட்டு மேல நீங்களும் நானும் சும்மா நடந்துட்டு வரலாமுங்களா?”