எண்பத்தெட்டு சதவீதம்

1

“ஏங்க, எட்டுல ஒண்ணைச் சும்மா விட்டாத்தான் மொத்த வேலையும் சீக்கிரம் முடியும்.”

“சும்மா விடறதா? எதுக்கு, உட்கார வெச்சு அழகு பார்க்கிறதுக்கா?”

“செஞ்சு காட்டட்டுமா?”

“என்னமோ செய். எரிஞ்சு போச்சுன்னா நீதான் பொறுப்பு.”

இந்த நாலு வரியில்தான் கதை பிறந்தது. என் மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றிருந்தது. கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் அதை முறுக்கிக்கொண்டே, கணவரோடு மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்த இந்தப் பேச்சைச் சொல்லிச் சிரித்தாள். நான் குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள். என் கதாநாயகிகள் இதுவரை கணினியைத் துடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டேன்: “எட்டுல ஒண்ணுன்னா என்னம்மா?”

2

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக நறுக்கி, விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். கணினி ஓய்வாக இருக்கும்போது அதைப் போட்டு, விடையைத் திருப்பி அனுப்பும். எல்லாம் இலவச சேவை. அவள் வீட்டுக் கணினியின் ப்ராசஸரில் எட்டு கோர், அதாவது எட்டு வேலையாட்கள். கூடவே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. அது அசுர வேகத்தில் கணக்குப் போடும். ஆனால் எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதுவும் சும்மா நின்றால் அவருக்குப் பொறுக்காது. எட்டுப் பேருக்கும் வேலை கொடுத்துவிட்டார். எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் கார்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒரு துண்டு முடிய ஆறு மணி நேரம்.

எத்தனை கோர் வேலை செய்யலாம் என்று மென்பொருளில் நூறு சதவீதம் குறித்திருந்ததை அவள் எண்பத்தேழு ஆக்கினாள். இரண்டு கோர் ஓய்வெடுக்கப் போய்விட்டன.* எண்பத்தெட்டு ஆக்கினாள். ஏழு தங்கள் வேலையைப் பார்த்தன, ஒன்று கார்டுக்கு எடுத்துக்கொடுத்தது. ஆறு மணி நேரம் ஒன்றே முக்கால் மணி நேரமாகச் சுருங்கியது.

(* எட்டில் எண்பத்தேழு சதவீதம் ஏழுக்கு ஒரு துளி குறைவு. மென்பொருள் இரக்கமில்லாமல் அதை ஆறு என்று எடுத்துக்கொண்டது. எண்பத்தெட்டு என்றதும் மனமிரங்கி ஏழு தந்தது.)

இல்லறமும் இப்படித்தான், ஒருவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்…

[அடித்துவிட்டேன். இவ்வளவு சுலபமாக வரும் வரியை நான் நம்புவதில்லை.]

3

இனி கதை. அந்தச் சேவையில் உறுப்பினர் கணக்கு கணவர் பெயரில் இருந்தது, ‘லிஃப்ட்காரர்’ என்ற புனைபெயரில். தன்னார்வலர் குழுவின் பேச்சுப் பக்கத்தில் யாராவது “என் கார்டு தூங்குது, என்ன செய்ய?” என்று கேட்டால், அவள் அதே பெயரில் பதில் எழுதுவாள். “அண்ணா, நீங்க தெய்வம்!” என்று நன்றி வரும். அவள் விழுந்து விழுந்து சிரித்து அவருக்கு வாசித்துக் காட்டுவாள். அவரும் சிரிப்பார். மூன்று வருடம் அந்தச் சிரிப்பிலேயே நன்றாகப் போயிற்று.

போன வாரம் ஓர் அழைப்பு வந்தது: ‘லிஃப்ட்காரர் அண்ணா ஞாயிறு பதினோரு மணிக்கு வீடியோ கூட்டத்தில் வந்து, ப்ராசஸர், கார்டு இரண்டுக்கும் வேலை பிரிக்கும் விதத்தை விளக்க வேண்டும். நாற்பது பேர் காத்திருக்கிறோம்.’

அவருக்கு அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

4

முதல் முடிவை எழுதினேன். அவள் பொங்கி எழுகிறாள்: “என் உழைப்பு, உங்க பேரா?” அவர் தலைகுனிகிறார். கடைக்குப் போய் வாசித்துக் காட்டினேன்.

“ஐயோ அக்கா, எதுக்கு அந்த மனுஷனை இப்படிக் கெட்டவராக்குறீங்க?”

“உனக்குக் கோபமே இல்லையா?”

“தெய்வம்னு சொன்னா கோபம் வருமா? பேரு அவரோடதுன்னாலும் புகழ்றது என்னைத்தானே.”

இரண்டாவது முடிவில் அவர் கேமரா முன்னால் உட்கார, அவள் மேஜைக்கடியில் ஒளிந்து…

“எனக்கு முட்டி வலி. மேஜைக்கடியிலெல்லாம் உட்கார முடியாது.”

பேனாவை மூடினேன். இந்தப் பெண்ணுக்கு எதுவுமே வேண்டாம் என்றால் என் கதைக்கு என்ன கதி? நான் எழுந்தபோது, அவள் போகிறபோக்கில் சொன்னாள்: “அவர்தான் ஒரு மாதிரி இருக்கார். நான் கணினியில உட்கார்ந்தா நாற்காலிக்குப் பின்னால வந்து நிப்பார், ஒண்ணும் பேச மாட்டார். டீ கேக்கறார்னு எழுந்து போட்டுக் குடுப்பேன். இந்த வாரம் ஒரு நாளைக்கு அஞ்சு டீ!”

திரும்ப உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் நான் தப்பான ஆளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

5

ஞாயிறு, பத்து இருபது. அவள் விளக்கப் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவர் வந்து நிற்பது தெரிந்தது. எழுந்தாள்.

“உட்காரு.”

“டீ வேணாமா?”

“எப்போ டீ கேட்டேன் நான்? மூணு வருஷமா நீயா போட்டுக் குடுக்கறே, நானும் குடிச்சுத் தொலைக்கறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்காததைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து, அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கண் திரையிலேயே இருந்தது.

(இங்கே நான் எழுந்துகொள்கிறேன். அவள் என்ன சொன்னாள், கூட்டத்தில் யார் பேசினார்கள் என்பதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீட்டை இப்போது என் அளவுக்கு உங்களுக்கும் தெரியும். அவர் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன்.)

“கூட்டத்துல நீயே பேசு. உன் பேரைச் சொல்லிப் பேசு, அது நியாயம். நான் கேக்க வந்தது வேற. நீ இதைப் பார்த்து என்னென்னமோ சொல்லிச் சிரிக்கறே, நானும் புரிஞ்ச மாதிரி சிரிக்கறேன். ஒரு எழவும் புரியலை. லிஃப்ட்டுல இத்தனை வருஷம் குப்பை கொட்டினவன், இதை உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு… முதல்லேருந்து எனக்குச் சொல்லித் தரியா?”