ஆம் என்று எழுதிய பிட்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் பொன்னுராஜும் அவன் மனைவி தங்கபாயும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்துப் பிழைத்தார்கள். அவனுக்குக் கை வேகம். அவன் எழுதியதைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை.

1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காக, நோயாளிகளின் விவரம் வைத்துக்கொள்ளும் புரோகிராம் ஒன்றை பொன்னுராஜ் சி மொழியில் எழுதினான். பெயர், ஊர், வயதோடு சில கேள்விகளும் அதில் உண்டு. சர்க்கரை இருக்கிறதா, இளைப்பு இருக்கிறதா, பெனிசிலின் ஊசி ஒத்துக்கொள்ளாதா. ஆம், இல்லை என்பதற்கென்று சி மொழியில் அப்போது தனி இனம், அதாவது டேட்டா டைப், கிடையாது. ஆளாளுக்கு ஒன்றைச் செய்துகொள்வார்கள். இடத்தை மிச்சம் பிடிக்க பொன்னுராஜ் ஒரு கேள்விக்கு ஒரே ஒரு பிட், அதாவது ஒன்றோ பூஜ்யமோ மட்டும் கொள்ளும் மிகச் சிறிய இடம், ஒதுக்கினான். ஒன்று என்றால் ஆம், பூஜ்யம் என்றால் இல்லை. பிட் ஒன்றுக்குச் சமமாக இருந்தால் ‘பெனிசிலின் கூடாது’ என்று நோயாளியின் சீட்டில் பெரிய எழுத்தில் அடிக்கும்.

மூன்று வருஷம் அது குறையில்லாமல் ஓடியது. பிறகு ஆஸ்பத்திரியில் அது ஓடிக்கொண்டிருந்த யூனிக்ஸ் மெஷின் படுத்துவிட்டது, உதிரி பாகமும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பி.சி. வாங்கினார்கள். பொன்னுராஜ் அதே புரோகிராமை எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரில், இன்னொரு கம்பெனியுடையதில், போட்டான். ஒரு எர்ரர் வரவில்லை, ஒரு வார்னிங்கும் வரவில்லை. பழைய விவரங்களையும் ஏற்றினார்கள். தங்கபாய் வரிசையாகச் சிலரை எடுத்துப் பார்த்தாள். பெயர் சரி, ஊர் சரி, வயது சரி. ஆம் என்று பதிந்திருந்த ஒருவரை எடுத்துப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு முற்பகல் ஆஸ்பத்திரி மேனேஜர் ஐயாதுரை போன் பண்ணினார். வத்திராயிருப்பிலிருந்து கால் புண்ணோடு வந்த கருத்தம்மாள் என்ற பெண், பெனிசிலின் ஊசி போட்ட சற்று நேரத்தில் மூச்சுத் திணறி இறந்துவிட்டாள். முன்பு ஒருமுறை அந்த ஊசியால் உடம்பெல்லாம் வீங்கி, அதே ஆஸ்பத்திரியில் பிழைத்தவள் அவள்.

“அப்பமே பதிஞ்சோம்யா. இப்ப சீட்டுல ஒண்ணும் வரலயே” என்றார் ஐயாதுரை.

அடுத்த பஸ்ஸில் இருவரும் போனார்கள். தங்கபாய்தான் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள். ஏற்றிய விவரத்தில் கருத்தம்மாளுக்கு ஒன்று என்றுதான் இருந்தது. அவள் நாலு வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். ஒற்றை பிட்டில் ஒன்றைப் போடு, திரும்ப எடுத்துக் காட்டு. ஓட்டினாள்.

திரையில் மைனஸ் ஒன்று வந்தது.

பழைய கம்பைலர் அந்த பிட்டை வெறும் எண்ணாகப் பார்த்தது. புதியது அதையே கழித்தல் குறியாக எடுத்துக்கொண்டு, ஒன்றை மைனஸ் ஒன்று என்று படித்தது. சி மொழியின் விதி இரண்டுக்குமே இடம் கொடுத்திருந்தது. ஒன்றுக்குச் சமமா என்று புரோகிராம் கேட்ட ஒவ்வொரு இடத்திலும் இல்லை என்றே பதில் கிடைத்திருக்கிறது. ஆம் என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் இல்லை ஆகியிருந்தார்கள்.

“ஒண்ணான்னு கேக்காம, பூஜ்யமா இல்லையான்னு கேட்டிருந்தாப் போதும்” என்றான் பொன்னுராஜ்.

பிட்டுக்குக் குறி கிடையாது என்று சொல்லும் ஒரு வார்த்தையை தங்கபாய் சேர்த்தாள். எல்லாம் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஐயாதுரை கதவைச் சாத்திவிட்டு வந்தார். “கரண்டு கட்டாகி விவரம் அழிஞ்சு போச்சுன்னு சொல்லிருவோம். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.”

“அழியலயே சார்” என்றாள் தங்கபாய்.

கருமாதிக் காரியம் முடிந்த பிறகு இருவரும் வத்திராயிருப்புக்குப் போனார்கள். கருத்தம்மாளின் புருஷன் வேல்சாமி தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் பேச்சை யோசித்துக்கொண்டு வந்தவன் பொன்னுராஜ். ஆனால் சொன்னது தங்கபாய்தான்.

“அந்த ஊசி அவியளுக்குச் சேராதுன்னு கம்ப்யூட்டர்ல பதிஞ்சுதான் இருந்துச்சு அண்ணாச்சி. நாங்க மிஷினை மாத்தினப்ப அது இல்லைன்னு காட்டிருச்சு. தப்பு எங்க மேலதான்.”

வேல்சாமி தேங்காயைக் கீழே வைத்தார். “அவ சொன்னாளே தாயி.”

“என்ன சொன்னாவ?”

“இந்த ஊசி எனக்கு ஆகாதுன்னு நர்ஸம்மாகிட்ட சொன்னா. அந்தம்மா சீட்டைப் பாத்துட்டு, கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணும் இல்லையே, அது வேற ஊசியா இருக்கும்னாவ. அவ என் மூஞ்சியப் பாத்தா. நாந்தான், ஏட்டி, மிஷினே சொல்லுது, உனக்கு என்ன தெரியும், சும்மா இருன்னேன்.” கையில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டார். “பொறவு அவ வாயே தொறக்கல.”

பொன்னுராஜ் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேல்சாமி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு அதிலிருந்து மீண்டு வர ஒரு வழி கிடைத்திருக்கும் என்று தங்கபாய் பிற்பாடு பலமுறை நினைத்ததுண்டு. “தம்பிக்கு மயக்கமா வருதா? இந்தாங்க” என்று ஒரு இளநீரைச் சீவி நீட்டினார் அவர். அதைக் கையில் வாங்கினான், குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு பொன்னுராஜ் ஒரு வரி எழுதவில்லை. ராஜபாளையத்திலேயே ஒரு மாமாவின் ஆணி, பூட்டு விற்கும் ஹார்டுவேர் கடையில் போய் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் சீட்டை மட்டும் நம்பாமல் ஊசிக்கு முன்னால் நோயாளியிடமும் கேட்க ஆரம்பித்தார்கள். மாடியறையை தங்கபாய் ஒற்றையாக நடத்தினாள். ஆம்-இல்லைக்கு அவளே ஒரு இனம் செய்து தனிக் கோப்பில் வைத்துக்கொண்டாள். புது கம்பைலர் எது வந்தாலும் முதலில் அதைத்தான் ஓட்டிப் பார்ப்பாள். அதிலும் ஆம் என்பதை முதலில். வீட்டில் இருவரும் சோறு, துணி, பஸ் நேரம் எல்லாம் பேசிக்கொண்டார்கள். இதை மட்டும் பேசவில்லை.

1999 கடைசியில், சி மொழிக்குப் புதுத் தரநிலை வருவதாக ஒரு பத்திரிகையில் படித்தாள். ஆம்-இல்லைக்கென்றே அதில் ஒரு இனம் இருக்கிறதாம். எந்த எண்ணைப் போட்டாலும், பூஜ்யமாக இல்லாவிட்டால் ஒன்றாகவே அது வைத்துக்கொள்ளுமாம். மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அவனிடம் சொன்னாள்.

பொன்னுராஜ் ஆணியை நிறுத்துக்கொண்டிருந்தான். தராசு முள் நிலைக்கு வரும்வரை நிமிரவில்லை.

“நல்லதுதான்” என்றான். பிறகு காத்து நின்ற வாடிக்கையாளருக்கு ஆணியைப் பொட்டலம் கட்டத் தொடங்கினான்.